மூக்கை அறுத்துக்கொண்ட ஊர்

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை நமக்குப் புதிதல்ல. சகுனமே பொய் என்பதால் எதிரி தன் பாட்டுக்குப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு வந்திருப்பான். மூக்கு போனது மட்டும் மெய். அந்த மூக்கறுப்பை ஒரு ஊரே கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, வக்கீலைக் கலந்து, தீர்மானம் நிறைவேற்றிச் செய்ததுண்டு.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு கவுன்ட்டி. நம் கணக்கில் ஒரு தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். புகையிலை விளையும் பூமி. தலைமையூர் ஃபார்ம்வில். 1959 ஜூன் மாதம் அந்தக் கவுன்ட்டியை ஆளும் குழு, பள்ளிக்கூடங்களுக்கு இனி ஒரு டாலரும் ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தது. செப்டம்பரில் திறக்க வேண்டிய அரசுப் பள்ளிகள் திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கும் பூட்டு, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கும் பூட்டு. அந்தப் பூட்டு 1964 வரை தொங்கியது. ஐந்து கல்வியாண்டுகள்.

போர் வரவில்லை, கொள்ளைநோய் வரவில்லை, கஜானாவும் காலியாகவில்லை. இரண்டு நிறத்துப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது, அவ்வளவுதான். ஒரே பெஞ்சில் உட்காருவதைவிடப் பெஞ்சே இல்லாமல் போவது மேல் என்று, படித்தவர்களும் பக்திமான்களும் ஒழுங்காக வரி கட்டுகிறவர்களும் கூடி முடிவு செய்தார்கள்.

கறுப்பர் உரிமைப் போராட்டம் என்றதும் நமக்குக் கண்ணில் வருவது பர்மிங்காம் நகரத்துப் போலீஸ் நாய்களும் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களும்தான். நாயை ஏவுகிற போலீஸ் அதிகாரியைப் பார்த்து 'அயோக்கியன்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நாம் யாரும் நாயை ஏவியதில்லை. ஃபார்ம்வில்லில் நாயும் இல்லை, குழாயும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு கலவரம் உண்டா என்று அவர்கள் பெருமை பேசிக்கொண்டார்கள். அதனாலேயே அந்த ஊரைப் பற்றி யோசிப்பது நமக்கு உடம்புக்கு நல்லது.

கதை அந்தப் பூட்டுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு பெண் பேருந்தைத் தவறவிட்டதில் தொடங்குகிறது. பார்பரா ஜான்ஸ், வயது 16. தம்பி தங்கைகளை அனுப்பிவிட்டு, மறந்துபோன மதியச் சாப்பாட்டை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வருவதற்குள் பேருந்து போய்விட்டது. சாலையோரம் நின்றவளைக் கடந்து வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து போனது. உள்ளே பாதி இருக்கை காலி. அவள் ஏற முடியாது.

அவள் படித்த ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப்பள்ளி 1939இல் 180 பேருக்கென்று கட்டியது. 1950 வாக்கில் அங்கே சுமார் 450 பேர் நெருக்கியடித்துப் படித்தார்கள். கூடுதல் அறை கேட்டதற்கு, மரச்சட்டத்தில் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது நிர்வாகம். பார்த்தவர்கள் கோழிக்கூண்டு என்றார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் ஒரே ஒரு கணப்பு. பக்கத்தில் இருப்பவனுக்கு வேகும், தள்ளி இருப்பவன் கோட்டைக் கழற்றாமல் நடுங்குவான். உடற்பயிற்சிக் கூடமோ ஆய்வகமோ உணவுக்கூடமோ கிடையாது. பெற்றோர் மனு கொடுத்தார்கள், மறுபடி மனு கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இந்தப் பதிலை மொழிபெயர்க்கவே தேவையில்லை; எல்லா நாட்டு அலுவலகத்திலும் ஒரே பாஷைதான்.

1951 ஏப்ரல் 23. உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி வந்தது. அவர் கிளம்பிப் போனார். எல்லோரும் அரங்குக்கு வரவும் என்று வகுப்புகளுக்குச் சீட்டு போனது. திரை விலகியதும் மேடையில் நின்றது தலைமையாசிரியர் இல்லை, பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். காலணியைக் கழற்றிப் பெஞ்சில் ஓங்கித் தட்டினாள். அன்று வெளிநடப்பு செய்த பிள்ளைகள் இரண்டு வாரம் பள்ளிக்குள் போகவில்லை. மாதக்கணக்கில் சிலரை மட்டும் நம்பி, வீட்டுக்கும் தெரியாமல், அவள் போட்ட திட்டம் அது.

அவள் கேட்டது நல்ல கட்டடம், அவ்வளவே. கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் வந்தார்கள். கட்டடத்துக்காக வழக்குப் போட மாட்டோம், பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால் போடுகிறோம் என்றார்கள். பெற்றோர்களில் பலருக்கு வயிற்றில் புளி கரைந்தது. நிலம் வெள்ளைக்காரனுடையது, கடன் வெள்ளைக்காரனுடைய வங்கியில், வேலை அவன் வீட்டில். ஆனாலும் சம்மதித்தார்கள். மே 23 அன்று 117 மாணவர்கள் பெயரில் வழக்குத் தாக்கலானது. பார்பராவுக்கு ஆபத்து என்று அஞ்சி, அவளை அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் பாதிரியாராக இருந்த, அப்பாவின் உடன்பிறந்தவரான வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வெர்னன் விட்டுப்போன தேவாலயப் பணிக்குத்தான் 1954இல் மார்ட்டின் லூதர் கிங் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார்.

வழக்கு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. ஆண்டாண்டாக இல்லாத பணம் திடீரென்று முளைத்தது. 8 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துக் கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பள்ளி கட்டி 1953இல் திறந்தார்கள். ஓட்டை ஒழுகியதற்குக் காரணம் வறுமை இல்லை என்று அவர்களே செங்கல் வைத்து நிரூபித்தார்கள். ஆறே ஆண்டில் அந்தப் புத்தம்புதுக் கட்டடத்துக்கும் பூட்டுப் போட்டது தனிக் கதை.

இனிமேல்தான் பகுத்தறிவுக்கு வேலை. பிரித்து வைப்பதற்கு என்ன காரணம் என்று கேட்டால் அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். நாமும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் கடவுள். அவரை அழைக்காமல் எந்த ஊரில் எந்த அநியாயம் நடந்திருக்கிறது? இதே வர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக்காரரும் வெள்ளையரல்லாத மில்ட்ரெட் என்ற பெண்ணும் 1958இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். நடுராத்திரியில் படுக்கையறைக்குள் நுழைந்து கைது செய்தது போலீஸ். ஓராண்டு சிறை, 25 ஆண்டு மாநிலத்தை விட்டு வெளியே இருந்தால் சிறை வேண்டாம் என்று தீர்ப்பு. தீர்ப்பை மாற்றக் கேட்டபோது 1965இல் நீதிபதி லியோன் பஸைல் எழுதிய விளக்கம் இதுதான்: எல்லாம் வல்ல இறைவன் இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தான், அவனுடைய ஏற்பாட்டில் யாரும் தலையிடாமல் இருந்திருந்தால் இப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு வழியே இருந்திருக்காது.

வாதத்துக்கு ஒத்துக்கொள்வோம். இறைவன் கறுப்பரை ஆப்பிரிக்காவில் வைத்தான், வெள்ளையரை ஐரோப்பாவில் வைத்தான். அப்படியானால் வர்ஜீனியாவில் நீதிபதிக்கு என்ன வேலை? அது செவ்விந்தியர் கண்டமல்லவா? 1619இல் இதே வர்ஜீனியாவின் பாய்ன்ட் கம்ஃபர்ட் துறையில் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மனிதர்களை இறக்கி விற்றது யார்? கடவுளின் ஏற்பாட்டில் தலையிட்டவனுக்குத் தோட்டமும் மாளிகையும். தலையீட்டால் வந்தவனுக்குச் சிறை. இவ்வளவு பெரிய ஓட்டையோடு ஒரு வாதத்தை ஒரு நீதிபதி கையெழுத்துப் போட்டு வெளியிட முடிந்தது என்றால், அதைக் கேட்டவர்கள் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம். கேட்கப் பழகாத கூட்டத்தில் எந்தச் சரக்கும் விலைபோகும். 1967இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, கலப்பு மணத்தைத் தடுத்த அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது.

ஃபார்ம்வில்லில் தேவாலயங்களும் சும்மா இருக்கவில்லை. பள்ளிகளைப் பூட்டியதும் வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய தனியார் பள்ளியின் முதலாண்டு வகுப்புகள் பல நடந்தது தேவாலயக் கட்டடங்களில். 1963 ஜூலையில் கறுப்பு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளையர் தேவாலயத்துக்குப் போனார்கள். உள்ளே விடவில்லை. படிக்கட்டில் நின்று பாடி ஜெபித்தார்கள். வழிபாட்டுக்கு இடைஞ்சல் செய்தார்கள் என்று அவர்களைக் கைது செய்தார்கள். தேவாலயப் படியில் ஜெபம் செய்வது வழிபாட்டுக்கு இடைஞ்சல்! அடிமை வைத்திருப்பவர்களை ஊழியக்காரர்களாக அனுப்பலாம் என்று வாதாடி 1845இல் பிரிந்துபோன தெற்கத்திய பாப்டிஸ்ட் சபை, அந்தப் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டது 1995இல். சரியாக 150 ஆண்டு. நித்திய ஜீவனைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அவசரம் இருக்காதுதான்.

மதவாதி இப்படித்தான், அறிவியல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் தோழர்கள் கைதட்டத் தொடங்குமுன் அடுத்த சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறேன். 1952இல் பார்பராவின் பள்ளி வழக்கு ரிச்மண்ட் நகரில் நடந்தபோது, பிரித்து வைப்பதால் கறுப்புப் பிள்ளைகளுக்குக் கேடில்லை என்று சாட்சி சொன்னவர் வேதம் படித்தவர் அல்லர். ஹென்றி காரெட், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னாள் தலைவர். அவருக்கு எதிர்ச்சாட்சி சொல்ல வந்தவர் மேமி கிளார்க். காரெட்டிடமே முனைவர் பட்ட ஆய்வு செய்த கறுப்புப் பெண். ஆசிரியரும் மாணவியும், ஒரே பல்கலைக்கழகம், ஒரே புள்ளியியல். மாணவிக்கு உண்மை வேண்டியிருந்தது. ஆசிரியருக்கு முடிவு முன்பே தெரிந்திருந்தது.

மூன்று நீதிபதிகள் ஒருமனதாக மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதே வர்ஜீனியா 1924இல் ஒரே ஆண்டில் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று 'இனத் தூய்மை'ச் சட்டம், கலப்பு மணத்தைத் தடுக்க. இன்னொன்று, பைத்தியம், மந்தபுத்தி என்று முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய. இரண்டும் அன்றைய 'இனமேம்பாட்டு அறிவியல்' பெற்ற பிள்ளைகள். தூய்மைச் சட்டத்துக்குக் காவலாக நின்ற வால்டர் பிளெக்கர் பூசாரி இல்லை. பட்டம் பெற்ற மருத்துவர், பிறப்பு இறப்புப் பதிவாளர். ஆகவே, படிப்பறிவு வந்தால் வெறி போய்விடும் என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள். படித்தவனுடைய வெறிக்கு அடிக்குறிப்பு சேரும், அவ்வளவுதான். அறிவியல் கருவிதான், அதை யாரிடமிருந்து யாரைக் காக்க எடுக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ரத்தம். கலந்தால் கெட்டுவிடும் என்பது வாதம். யார் கலந்தது? தென் கரோலினாவின் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், 1957ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் உட்காராமல் பேசியவர். 2003இல் அவர் செத்த பிறகு எஸ்ஸி மே வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற பெண்மணி, நான் அவருடைய மகள் என்று வெளியே வந்து சொன்னார். தர்மண்ட் வீட்டில் வேலை செய்த 16 வயதுக் கறுப்புப் பெண் அவருடைய அம்மா. தர்மண்ட் குடும்பமும் மறுக்கவில்லை. கறுப்புக் கை பிசைந்த ரொட்டி தீட்டில்லை, கறுப்பு ஆயா தூங்கவைத்த குழந்தை தீட்டில்லை, இருட்டில் எதுவுமே தீட்டில்லை. பக்கத்து பெஞ்சில் அந்தக் குழந்தை கணக்குப் போட்டால் மட்டும் நாகரிகம் அழிந்துவிடுமாம். வேலைக்காரியாக வந்தால் சரி, சமமாக வந்தால் தீட்டு. இவ்வளவுதான் சூத்திரம். இதை நம் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1959 தொடக்கத்தில் கிங் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் தீண்டாதார் எனப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்துப் பார்த்தேன், ஆமாம், நான் தீண்டாதவன்தான் என்று பல ஆண்டு கழித்து அட்லான்டாவில் தன் தேவாலயப் பிரசங்கத்தில் கிங்கே சொன்னார். அவர் ஊர் திரும்பிய சில மாதங்களில்தான் ஃபார்ம்வில் பூட்டு வாங்கியது.

1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தில், பார்பராவின் வழக்கையும் சேர்த்து ஐந்து வழக்குகளில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: அரசுப் பள்ளியில் நிறம் பார்த்துப் பிரிப்பது சட்டவிரோதம். அடுத்த ஆண்டு, எப்போது சேர்ப்பது என்ற கேள்விக்கு, நிதானமாக, இயன்ற வேகத்தில் என்று ஒரு பதில் சொல்லிவைத்தார்கள். நிதானம் என்ற சொல் தெற்கே எல்லோர் காதிலும் விழுந்தது. வேகம் என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை.

இறுதி உத்தரவு வந்தபோது பிரின்ஸ் எட்வர்ட் தன்னுடைய கடைசி வாதத்தை எடுத்தது. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே சாமர்த்தியமான வாதம் அதுதான். சமத்துவம்தானே வேண்டும்? இதோ, யாருக்கும் பள்ளி இல்லை. எல்லோரும் சமம்.

சிரிக்காதீர்கள். இந்த வாதம் உச்ச நீதிமன்றத்திலேயே ஒருமுறை ஜெயித்திருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரம், கறுப்பரோடு ஒரே தண்ணீரில் குளிக்க வேண்டி வரும் என்றதும் நகராட்சி நீச்சல்குளங்களை மூடியது. எல்லோருக்கும்தானே மூடினார்கள், இதில் பாரபட்சம் எங்கே என்று 1971இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. மான்ட்கோமரி நகரம் 1959இல் பூங்காக்களையே மூடியது. நீச்சல்குளத்தைத் தூர்த்தது, மிருகக்காட்சிச் சாலையின் விலங்குகளை அப்புறப்படுத்தியது. குரங்கும் சிங்கமும் என்ன பாவம் செய்தன என்று தெரியவில்லை. கோடை வெயிலில் வெள்ளைப் பிள்ளைகளும் வேர்த்து ஒழுகினார்கள், பெற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். சுயநலம் மனிதனை ஆட்டுவிக்கிறது என்கிறார்கள். சுயநலக்காரனோடாவது பேரம் பேசலாம். தனக்குக் குளம் இல்லாமல் போனாலும் சரி, அடுத்தவன் நனையக் கூடாது என்று நினைப்பவனை என்ன கொடுத்துச் சரிக்கட்டுவது?

ஆனால் பழமொழியை இங்கே கொஞ்சம் திருத்த வேண்டும். ஃபார்ம்வில்லில் அறுபட்டது யாருடைய மூக்கு? வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. அதற்கு நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கவுன்ட்டி வரியில் சலுகை, கட்டணத்துக்கு மாநில அரசின் உதவித்தொகை. அரசுப் பள்ளிக்கு இல்லாத அரசுப் பணம் தனியார் பள்ளிக்கு வந்தது. பணமில்லாத வெள்ளை வீட்டுப் பிள்ளைகள் சிலரும் படிப்பை இழந்தார்கள். நிறப்பெருமை அவர்களுக்குச் சோறு போடவில்லை. மற்றபடி அடி விழுந்தது சுமார் 1,700 கறுப்புப் பிள்ளைகள் தலையில். சிலர் பக்கத்துக் கவுன்ட்டியில் மாமா வீடு, அத்தை வீடு என்று ஒண்டிப் படித்தார்கள். குவேக்கர் சபையின் தொண்டர்கள் சிலரை வடக்கே முகம் தெரியாத குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். தேவாலய நிலவறைகளில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் புகையிலைக் காட்டுக்குப் போனார்கள். அமெரிக்காவின் சட்ட அமைச்சர் ராபர்ட் கென்னடி 1963 மார்ச்சில் நொந்துபோய் ஒரு பட்டியல் சொன்னார்: உலகத்தில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் என்று சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், கடைசியாக வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி.

இன்னொரு சங்கடமான இடம். 1959 கடைசியில் வெள்ளைத் தலைவர்களே முன்வந்து, உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு தனியார் பள்ளி நடத்தித் தருகிறோம், உதவித்தொகையும் வாங்கித் தருகிறோம் என்றார்கள். வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். மற்ற பெற்றோர் யாரும் தொடவில்லை. ஒத்துக்கொண்டால் வழக்கு அத்தோடு செத்துப்போயிருக்கும். அதற்காகப் பிள்ளைகளின் ஐந்து வருடத்தைப் பணயம் வைக்கலாமா? பல நாள் யோசித்தும் எனக்கு நிம்மதியான விடை கிடைக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை அந்தப் பெற்றோரிடம் கேட்கும்போதே குற்றவாளியைத் தப்பவிட்டுவிடுகிறோம். பூட்டுப் போட்டவனை விட்டுவிட்டு, சன்னல் வழியாக ஏன் நுழையவில்லை என்று வெளியே நிற்பவனை விசாரிப்பது எந்த நீதி?

நம் தோழர்கள் தடுக்கி விழும் இடமும் ஒன்று உண்டு. இந்தப் போராட்டத்தின் கூட்ட அரங்கு கறுப்பர் தேவாலயம்தான். ஃபார்ம்வில்லில் முன்னணியில் நின்ற பிரான்சிஸ் கிரிஃபின் பாதிரியார். கிங் பாதிரியார். அப்படியானால் மதம்தானே விடுதலை தந்தது என்று ஆத்திகர்கள் மடக்குகிறார்கள். வெள்ளையனும் கறுப்பனும் படித்தது ஒரே பைபிள். ஒருவன் அதில் அடிமைத்தனத்தைக் கண்டான், இன்னொருவன் விடுதலையைக் கண்டான். இரண்டு எதிரெதிர் முடிவுக்கும் ஒரே புத்தகம் இடம் கொடுக்குமானால், முடிவைத் தந்தது புத்தகம் இல்லை என்றாகிறது. கறுப்பர் தமக்கென்று சொந்தமாக வைத்திருந்த பெரிய கட்டடம் தேவாலயம் ஒன்றுதான். வெள்ளை முதலாளி சம்பளத்தை நிறுத்தி மிரட்ட முடியாத தலைவர் பாதிரியார் ஒருவர்தான். 1963 வாஷிங்டன் பேரணிக்கு வித்திட்ட ஃபிலிப் ராண்டால்ஃப், ஒரு பாதிரியாரின் மகன். பிற்காலத்தில் 1973இன் மனிதநேயர் அறிக்கையில் கையெழுத்திட்டவர். கிங் பக்கத்தில் அவர் நின்றபோது யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. மான்ட்கோமரியில் பேருந்தைப் புறக்கணித்து 381 நாள் நடந்த கால்களில் எது பக்தியால் நடந்தது, எது கோபத்தால் நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? ஆத்திகம் பேசினாலும் அவர்கள் செய்த காரியம் நூற்றுக்கு நூறு நாத்திகக் காரியம்: மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாமல் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். 1959இல் நீங்கள் ஃபார்ம்வில்லில் ஒரு வெள்ளைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடியவர் இல்லை. கறுப்பு வேலைக்காரிக்குக் கிறிஸ்துமஸுக்குப் புடவைக்குப் பதில் கவுன் எடுத்துக் கொடுக்கிறவர். பள்ளியைப் பூட்டியது உங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துக் கேட்கிறார். கடைக்கு வாடிக்கையாளர் வேண்டும். மகளுக்கு வரன் பார்க்க வேண்டும். என்ன செய்வீர்கள்? கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மிகவும் நொந்துகொண்டது முகமூடிக் கொலைகாரர்களைப் பற்றி அல்ல. உன் நோக்கம் சரி, நேரம் சரியில்லை என்று உபதேசிக்கும் நல்லவர்களைப் பற்றி.

அந்த ஊரில் கார்டன் மாஸ் என்றொருவர் இருந்தார். வெள்ளையர், லாங்வுட் கல்லூரியின் டீன், வரலாற்றுப் பேராசிரியர். பூட்டியது தப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. 1963இல் கென்னடி அரசின் முயற்சியால் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் திறந்தபோது, கறுப்புப் பிள்ளைகள் நிறைந்த அந்தப் பள்ளியில் தன் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்படிச் சேர்ந்த வெள்ளைப் பிள்ளைகளை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஒரு ஊரில் நல்லவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இது ஒரு கணக்கு. அன்பாகப் பேசியவர்களை நான் இதில் சேர்க்கவில்லை.

1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம், நிதானத்துக்கு நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, வேண்டுமானால் வரி போடச் சொல்லியே பள்ளியைத் திறக்க வைக்கலாம் என்று உத்தரவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். ஒரு காலத்தில் அலபாமாவில் கு கிளக்ஸ் கிளான் உறுப்பினராக இருந்தவர். மனிதன் மாறுவான் என்பதற்கு நல்ல உதாரணம் என்று எழுதியிருப்பேன். ஏழாண்டு கழித்து ஜாக்சன் நீச்சல்குளத் தீர்ப்பையும் அவரே எழுதித் தொலைத்தார்.

பார்பரா பெஞ்சில் காலணியால் தட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் 13 ஆண்டு. அமெரிக்காவில் ஒரு பிள்ளை முதல் வகுப்பில் நுழைந்து பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வர 12 ஆண்டு போதும்.

பள்ளி திறந்தபோது வெள்ளைப் பிள்ளைகள் அநேகமாக யாரும் வரவில்லை. தனியார் பள்ளியிலேயே இருந்துகொண்டார்கள். பூட்டிய ஆண்டில் 7 வயதில் இருந்த கறுப்புச் சிறுவன் 11, 12 வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தான். 15 வயதில் வெளியேறியவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. பார்பரா ஜான்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளி நூலகராக வேலை பார்த்து 1991இல் இறந்தார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற அடிமைமுறைப் படைத்தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020இல் அப்புறப்படுத்தி, அந்த இடத்துக்குப் பார்பராவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2003இல் கவுன்ட்டி நிர்வாகம், பூட்டால் படிப்பிழந்தவர்களை அழைத்துக் கௌரவப் பள்ளிச் சான்றிதழ் கொடுத்தது. வாங்க வந்தவர்களில் பலருக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது.